ஜீ.ஜீ. பொன்னம்பலம் எந்தச் சட்டத்துக்கு வாக்களித்தார்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்கு ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆதரவாக வாக்களித்தார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லவே இல்லை, எதிர்த்துத்தான் வாக்களித்தார் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். தேர்தல் வந்தால் இரண்டையும் மேடையில் கேட்கிறேன். எது உண்மை?"

இரு சாராரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஏனென்றால் சட்டம் ஒன்றல்ல. 1948 ஓகஸ்டிலிருந்து 1949 முடியும் வரை, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சட்டங்கள் வந்தன. எந்தச் சட்டம் என்று சொல்லாமல் "வாக்களித்தாரா, இல்லையா" என்று கேட்டால், கேட்பவர் விரும்பும் பதிலையே யாரும் கொடுத்துவிடலாம். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதுதான் நடந்துவருகிறது.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அதைக் கொண்டுவந்தார். பாராளுமன்றம் 1948 ஓகஸ்ட் 20ஆம் திகதி நிறைவேற்றியது. நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பொன்னம்பலமும் அவருடைய தமிழ்க் காங்கிரசும் அதை எதிர்த்தே வாக்களித்தார்கள். தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் எதிர்த்தது. இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் ஆகியோர் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதேயில்லை. சிங்கள வாக்காளர்களையும் நம்பியிருந்தவர்கள் அவர்கள். தோட்டத் தொழிலாளிக்காகப் பேசுவதால் சிங்கள வாக்கு ஒன்றும் கூடப்போவதில்லை என்று தெரிந்தே பேசினார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1948க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசை ஆக வேண்டுமானால், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால், தகப்பன்வழிப் பேரனும் (தாத்தாவும்) பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறைக்குக் கடதாசி காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்குப் பேர்பதிவு உண்டு, செக்ரோலில் பெயர் உண்டு. அது சம்பளத்துக்கான பதிவு. தகப்பன் எங்கே பிறந்தான் என்று அது சொல்லாது.

நமக்கோ ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, இருக்கிறது. பெட்டகத்தில் பூட்டனின் காணி உறுதி இருக்கிறது. எந்தக் காணிக்கு வடக்கே யாருடைய பனந்தோப்பு என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓலையும் சில வீடுகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனிதனை யாரும் போய்ப் பேரன் பிறந்த இடம் எங்கே என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் காட்டியிருப்பான்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. தகப்பனும் தகப்பன்வழிப் பேரனும் இலங்கையில் பிறந்திருந்தால், பிள்ளை எங்கே பிறந்திருந்தாலும் இலங்கைப் பிரசை. அந்தக் காலத்தில் மலாயா றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர்! தைப்பிங்கிலோ கோலாலம்பூரிலோ பிறந்து, மானிப்பாயை ஒரு நாளும் காணாத பிள்ளை சட்டப்படி இலங்கையன். ஹற்றனில் பிறந்து, ஹற்றனில் கொழுந்து பறித்து, ஹற்றனைத் தவிர வேறு ஊரை அறியாத பெண்ணோ, அவளுடைய தகப்பன் தமிழ்நாட்டுத் துறையூரில் பிறந்தவன் என்பதால் அந்நியள். பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளாக இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. நான் அதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு வயது நாற்பதுக்கு மேல். சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியன் நான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மலாயாப் பென்சனில் வாழ்ந்த என் சொந்தப் பெரியப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி இரண்டாவது சட்டம். சச்சரவெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஓகஸ்டில் எதிர்த்து வாக்களித்த பொன்னம்பலம் செப்டெம்பரில் சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்து கைத்தொழில், மீன்பிடி அமைச்சரானார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமூலம் சபைக்கு வந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமாக அது பின்னர் வெளிவந்தது. வம்சாவளியால் பிரசை ஆக முடியாதவர்கள் விண்ணப்பித்துப் பதிவு பெறுவதற்கான வழி இது என்று அரசாங்கம் சொன்னது. டிசம்பர் 10ஆம் திகதி இரண்டாம் வாசிப்பு. அன்று மூன்று தமிழர்கள் மூன்று விதமாக நடந்தார்கள். அமைச்சர் பொன்னம்பலம் ஆதரித்து வாக்களித்தார். வவுனியாவின் பிரதிநிதியும் வர்த்தக அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் வாக்கெடுப்பு நேரத்தில் சபையைவிட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டபோது பதவியைத் துறந்தார். காங்கேசன்துறைப் பிரதிநிதி எஸ்.ஜே.வி. செல்வநாயகம், தன் கட்சித் தலைவர் ஆதரித்த சட்டமூலத்தை எதிர்த்து வாக்களித்தார்.

ஆகவே தம்பிக்கு நேரான பதில் இதுதான்: குடியுரிமையை இல்லாமற் செய்த முதற் சட்டத்தைப் பொன்னம்பலம் எதிர்த்தார். திரும்பப் பெறும் வாசலைக் குறுக்கிய இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார்.

"அது குடியுரிமை கொடுக்கிற சட்டம்தானே, அதை ஆதரித்தது எப்படிப் பிழை?" என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்பார்கள். சட்டத்தின் தலைப்பைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். உள்ளே என்ன இருந்தது? 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர்கள் ஏழு ஆண்டும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வதிந்திருக்க வேண்டும். ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்தத் தொடர் அறுந்துவிடும். உறுதியான வருமானம் காட்ட வேண்டும். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும். இவ்வளவையும் 1951 ஓகஸ்ட் 5க்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவரை நூறு ஆண்டுகளாகத் தோட்டத் துரைமாரின் ஆட்சிக்குள் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுக்குள் ஆங்கிலப் படிவம் நிரப்பு என்று சொன்ன சட்டம் அது. முதலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் விண்ணப்பிப்பதைப் புறக்கணித்தது. பிறகு கடைசிக் காலத்தில் அவசரப்பட்டு எல்லாரையும் விண்ணப்பிக்க வைத்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பெரும்பான்மை நிராகரிக்கப்பட்டது.

பொன்னம்பலம் பெரிய வழக்கறிஞர். சாட்சியத்தின் பாரத்தை யார் தலையில் வைக்கிறோம் என்பதிலேயே வழக்கு வெல்லும், தோற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதனால்தான் அந்த வாக்கை என்னால் மன்னிக்க முடியவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் சொல்லி அவருடைய அமைச்சர் பதவியை நியாயப்படுத்துவோர் இருக்கிறார்கள். வடக்குக்கு அவை தேவைதான். ஆனால் அவை எந்த விலைக்கு வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மூன்றாவது சட்டம். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை. உண்மையான அடி இதுதான். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை என்று தோட்டத்து மக்களின் சொந்தக் குரல்கள் சபைக்குப் போயின. வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளின் வெற்றிக்குக் கைகொடுத்தது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டுமே பிடிக்கவில்லை. 1952 தேர்தலில் மலையகத்தின் ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1977இல் தொண்டமான் மீண்டும் தெரிவாகும் வரை, இருபத்தைந்து ஆண்டுகள் அந்த மக்கள் வாக்களித்து ஒருவரையும் சபைக்கு அனுப்ப முடியவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகை 75,000க்கு ஓர் ஆசனம் என்பது கணக்கு. அந்தத் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளியும் சேர்க்கப்பட்டான். வாக்காளர் இடாப்பில் மட்டும் சேர்க்கப்படவில்லை. அவனுடைய தலை ஆசனத்தைக் கூட்டிக் கொடுத்தது. அந்த ஆசனத்துக்கு வாக்களித்தவர் வேறொருவர். அன்று நமக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த பிரித்தானியாவின் பிரிவிக் கவுன்சில் வரை இது வழக்காகப் போனது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்ற அன்றைய சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு மீறப்பட்டது என்று வாதாடினார்கள். 1953இல் தீர்ப்பு வந்தது. மீறல் இல்லை என்று. 29ஆம் பிரிவு நம்மைக் காக்கும் என்று யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர்கள் நம்பியிருந்த காலம் அது. அந்தத் தீர்ப்போடு அந்த நம்பிக்கை போயிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது.

காலத்தால் முந்தியதென்றாலும் நான்காவதாக நான் வைப்பது, குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். விசா, கடவுச்சீட்டு, நாடுகடத்தல் எல்லாம் இதில்தான் அடங்கும். வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பலில் நாகப்பட்டினம் போய்வந்த வழக்கம் இதன்பின் குற்றமாயிற்று. கள்ளத்தோணி என்ற வசைச்சொல் நாடு முழுதும் பரவியது. சட்டவிரோதக் குடிவரவைத் தடுப்பதற்கென்று 1952இல் இராணுவம் வடக்குக் கரைக்கு அனுப்பப்பட்டது. மொன்டி நடவடிக்கை என்று அதற்குப் பெயர். இராணுவ முகாம் நம் கரைக்கு எப்போது வந்தது என்று கேட்டால் எல்லாரும் எழுபதுகளைச் சொல்கிறார்கள். அதற்கும் இருபது ஆண்டுக்கு முன், தோட்டத்துக்கு ஆள் வருகிறான் என்ற பெயரில் அது வந்துவிட்டது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு சமாதான நீதவானாக இருக்கிறேன். அதற்கு முன் கிளிநொச்சியில் நீண்டகாலம் படிப்பித்தேன். அந்தத் தொடர்பில், நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின், மலையாளபுரத்திலிருந்து ஒருவர் பிரகடனப் படிவத்தில் கையொப்பம் வாங்க வந்தார். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம். ஒரு பிஸ்கட் தகரம் கொண்டுவந்தார். மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தோம். உள்ளே தகப்பனாரின் பேர்பதிவுத் துண்டு, அம்மை குத்திய சீட்டு, துரையின் நற்சான்று ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஆங்கிலக் கடிதம். மடிப்பு நெடுக அது கிழிந்து நான்கு துண்டாகப் போயிருந்தது. மேசைமீது சேர்த்துவைத்து வாசித்தேன். தகப்பனாரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம். தன் தாயாரின் காரியத்துக்காகத் துறையூர் போனவர் பதினான்கு மாதம் கழித்தே திரும்பியிருக்கிறார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இரண்டு மாதம்.

"ஐயா, அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது, அந்தக் கடிதத்தை அந்த வீட்டில் யாரும் வாசித்ததில்லை. தகப்பனாருக்கும் தெரியாது. கங்காணி சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார்: "உனக்கு இல்லையாம்." ஐம்பது ஆண்டுக்கு மேல், மூன்று ஊர் மாறி, ஒரு கலவரமும் பல இடப்பெயர்வுகளும் கண்டு, அந்தத் தகரத்தை மட்டும் கைவிடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாயி செத்ததுக்குப் போனதுக்கா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 10ஆம் திகதி சபையில் கையுயர்த்தப்பட்டது அந்தப் பன்னிரண்டு மாதப் பிரிவுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன், தம்பி கேட்காதது என்றாலும். பொன்னம்பலம் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் யாழ்ப்பாணம் தப்பிவிடுகிறது. செல்வநாயகம், வன்னியசிங்கம், மூதவை உறுப்பினர் நாகநாதன் ஆகியோர் பிரிந்துபோய் 1949 டிசம்பர் 18ஆம் திகதி மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். மலையக மக்களின் குடியுரிமை அந்தப் பிரிவின் முதற் காரணங்களுள் ஒன்று. 1952 தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாடு என்ன தீர்ப்புச் சொன்னது? பொன்னம்பலம் யாழ்ப்பாணத் தொகுதியில் வென்றார். செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் எஸ். நடேசன். தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுதும் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். 1956இல் நம்முடைய மொழிக்கு ஆபத்து வந்தபோது மட்டும் பத்தாக உயர்ந்தது.

காரணம் வீடுகளுக்குள் இருந்தது. 1946 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் சுமார் 7,80,000; இலங்கைத் தமிழர் சுமார் 7,34,000. நம்மைவிட அவர்கள் தொகை கூட. ஆனாலும் அவர்களை நம்மவராக நாம் எண்ணவில்லை. தோட்டக்காட்டான் என்ற சொல்லைச் சிங்களவர் யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. என் சிறுவயதில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் மலைநாட்டுப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அவர்கள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய தகப்பன்மாருக்கு வாக்குரிமை இல்லை என்பது அந்த வீடுகளில் ஒருநாளும் பேச்சாக வந்ததில்லை.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தேடினால் கிடைக்கும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் தேங்காய் பிரிப்பதுபோல் பிரித்தார்கள் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன றெயிலுக்கு அங்குள்ள மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. மிஞ்சியிருந்தவர்களில் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வதிந்தவர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் ஒரு பிரகடனத்தோடு குடியுரிமை கொடுத்தது. பாராளுமன்றம் அதை ஏகமனதாக நிறைவேற்றியது. அந்தப் பெரியவர் கொண்டுவந்தது அந்தப் பிரகடனம்தான். பேரன் பூட்டன் பிறந்த ஊரைக் காட்டு என்று தொடங்கியது, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு தாளில் கையொப்பத்தோடு முடிந்தது. அவ்வளவு எளிதாக முடிக்கக்கூடியதென்றால் முதலிலேயே முடித்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தியப் பக்கத்தையும் ஒரு வரியில் தொட வேண்டும். 2019 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு அது வழிவிட்டது. இலங்கையிலிருந்து போய்த் தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் அதில் இல்லை. அவர்களில் கணிசமானோர் மலையக வம்சாவளியினர்; பேரன் துறையூரிலிருந்து இங்கே வந்தான், பேத்தி மண்டபம் முகாமில் பிறந்தாள், இரு நாட்டுக் கடதாசியும் இல்லை. அன்று மாநிலங்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் அச்சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார்கள். கூட்டணி அரசியலில் ஒரு தமிழ்க் கட்சி இன்னொரு கூட்டத் தமிழரைக் கைவிட்ட இரண்டாவது டிசம்பர் அது.

தம்பி, விவாதத்தை மூலத்திலேயே வாசிக்க விரும்பினால் கோட்டே பாராளுமன்ற நூலகத்திலும் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஹன்சார்ட் என்ற பாராளுமன்ற உரைப் பதிவுத் தொகுதிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில்தான் இருக்கும். 1948 ஓகஸ்ட் தொகுதியை முதலில் எடுங்கள். பொன்னம்பலம் எதிர்த்துப் பேசியதை முழுதாக வாசியுங்கள். பிறகு டிசம்பர் தொகுதியை எடுங்கள். இடையில் இருப்பது நான்கு மாதம்கூட இல்லை. முடிந்தால் அதற்குப் பிறகு ஒருநாள் கிளிநொச்சிக்கு பஸ் ஏறி, மலையாளபுரத்திலோ பாரதிபுரத்திலோ இறங்கி, காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டதா என்று நாலு வீட்டில் கேளுங்கள். அங்கேயும் ஒரு தகரத்தைத்தான் முதலில் எடுத்து வருவார்கள்.